அரை அட்டை மாத்திரை

விடியும்போது சரக்கு ரயிலின் முதல் வேகனில் பாதி காலியாகியிருந்தது. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைப் பிடரியில் வாங்கி, ஆடும் பலகையில் இறங்கி, லாரிக்குள் தள்ளிவிட்டு ஓட்டமாகத் திரும்ப வேண்டும். வேர்வையும் சிமெண்டும் சேர்ந்து கழுத்து மடிப்பில் கெட்டிப்பட்டுவிடும். நகத்தால் சுரண்டினால் தோலோடுதான் வரும்.

எங்கள் செட்டில் எட்டுப் பேர். ஒருவன் வராவிட்டால் அன்றைக்குச் செட்டுக்கே வேலை கிடையாது. முதலாளி போட்ட சட்டம் அது. காய்ச்சலோடும் வந்தோம், கட்டுப் போட்ட காலோடும் வந்தோம். குழந்தையைப் புதைத்த மறுநாளே நான் வந்துவிட்டேன். இன்று ஐந்தாம் நாள்.

"மாமா, நீங்க லாரிப் பக்கம் நில்லுங்க. உங்க மூட்டையையும் நானே தூக்கறேன்" என்றான் என் மைத்துனன்.

என் மனைவியின் தம்பி. அக்கா பிள்ளை வயிற்றிலேயே செத்துப்போனதற்கு ஐந்து நாளாகக் கடவுளைத் திட்டிக்கொண்டிருக்கிறான். திட்ட வேண்டிய ஆள் பக்கத்திலேயே நிற்பது அவனுக்குத் தெரியாது.

போன வருஷம் முதலாளி எங்களைத் துறைமுக வேலைக்கு அனுப்பினார். பத்து நாள் என்றார், மூன்று மாதம் ஆனது. நடுவில் வீட்டுக்குப் போகக் கேட்டதற்கு, "போறவன் அப்படியே போயிடு" என்றார். லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தோம். நெடுஞ்சாலை ஓரத்து வீடு ஒன்றுக்கு எட்டுப் பேரில் ஐந்து பேர் போனோம். யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவரவர் காலால் நடந்துதான் போனோம்.

திரும்பி வந்து சில நாளில் எனக்கு ஒரு புண் வந்தது. வலி இல்லை. எங்கள் செட்டில் மூத்தவர், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாங்கள் 'வக்கீல்' என்று கூப்பிடுகிறவர், அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். மருந்துக் கடையில் குத்துமதிப்பாக ஒரு அட்டை மாத்திரை வாங்கினார். எங்களுக்குள் எல்லாமே பொது. பீடி பொது, தண்ணீர் பொது, முதுகுக்குத் தடவும் தைலம் பொது. எரிச்சல் நின்றதும் மிச்சம் இருந்த அரை அட்டையை எனக்குக் கொடுத்தார். நான் மூன்று விழுங்கினேன். புண் ஆறிவிட்டது. மைத்துனனுக்கும் அதே மாதிரிப் புண் வந்தபோது கடைசி இரண்டை அவனிடம் கொடுத்தேன்.

"ஒண்ணும் இல்ல மாப்ளே, உடம்புச் சூடு. ரெண்டு போட்டா ஓடிப்போயிடும்" என்று அவன் முதுகில் தட்டினேன்.

பிள்ளை செத்துப் பிறந்த பிறகு, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் ரத்த அறிக்கையைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சிபிலிஸ். அந்தப் புண் மாத்திரையால ஆறலை. அது தானாவே ஆறிடும், நோய் மட்டும் ரத்தத்துல இருக்கும். உங்ககிட்டேருந்து உங்க மனைவிக்கு, அவங்ககிட்டேருந்து வயித்துப் பிள்ளைக்கு. முன்னாடியே ரெண்டு பேரும் வந்து ஊசி போட்டிருந்தா..."

கட்டிலில் படுத்திருந்த என் மனைவிக்கும் எல்லாம் கேட்டது.

வீட்டுக்கு வந்தும் அவள் பேசவில்லை. நேற்றுக் காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"துறைமுகத்துலயா?"

"ஆமா."

"தம்பியும் வந்தானா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மைத்துனன் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்த ஊசி போடற இடம் எட்டு மணிலேருந்து பதினொண்ணு வரைக்கும்தான். விட்டா அடுத்த வாரம். அவளை நான் கூட்டிக்கிட்டு வர்றேன், அவகிட்ட நானே சொல்லிக்கறேன். அவன்கிட்ட நீங்க சொல்லுங்க." கதவருகே நின்றாள். "அவ பிள்ளையாவது பொழைக்கட்டும். நம்ம பேச்சை அப்புறம் பேசிக்கலாம்."

இன்று ஏழு மணிக்கு டீ வந்தது. எட்டுப் பேரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலில் குழந்தையைச் சொன்னேன், பிறகு புண்ணை, பிறகு மாத்திரையை.

மைத்துனன் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து அறைந்தான். இரண்டாவது அறையில் என் உதடு கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை.

"எங்க அக்காவைப் பாத்து எப்படிய்யா சோறு கேட்ட?" என்றான். அப்புறம் அவன் முகம் மாறியது. அவனுக்கு அவன் வீடு ஞாபகம் வந்துவிட்டது. "மாமா... அவளுக்கு அஞ்சு மாசம்."

"இப்பவே ஊசி போட்டா காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்குன்னாங்க. நீயும் போட்டுக்கணும். இன்னைக்கே."

பேச்சை விலைக்கு விற்கிற வக்கீல் இந்த முறை வாதாடவில்லை. தலையில் இருந்த சாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அந்த அட்டையை வாங்கிட்டு வந்தது நான்டா" என்றார். "எனக்கு இன்னும் எரியுது. வெக்கப்பட்டுச் சொல்லலை."

இன்னொருவன் கையை உயர்த்தினான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு ஐந்தாவது ஆள்.

"நாங்க மூணு பேரும் அங்க போகவே இல்லையே, எங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றான் ஒருவன்.

"அஞ்சு பேர் போனா, அந்த அஞ்சு பேரையும் நாளைக்கு முதலாளி வெளியே தள்ளிடுவாரு" என்றார் வக்கீல். "எட்டுப் பேரும் போனா யாரைத் தள்ளுவாரு?"

அவன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். "எம் பொண்டாட்டி கேட்டா நீதான்யா வந்து வாதாடணும்" என்றான். அவ்வளவு துக்கத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள்.

முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கியபோது எட்டுப் பேரும் கீழே நின்றோம்.

"என்னடா, வேகன் பாதியில நிக்குது?"

"ஆஸ்பத்திரிக்குப் போறோம் முதலாளி. ரத்தம் பாக்கணும்" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓ, அந்த வியாதியா? யாருக்குன்னு சொல்லு. அவனை மட்டும் கணக்குத் தீத்து அனுப்பிடறேன்."

"எட்டுப் பேரும் போறோம்."

"எட்டுப் பேருக்குமா? நீங்க மேஞ்சுட்டு வந்ததுக்கு என் வேகன் நிக்கணுமா?"

"தப்புப் பண்ணினது நாங்கதான்" என்றேன். பேசும்போது உதடு எரிந்தது. "அதை உங்க தலையில கட்டலை. எம் பிள்ளையைக் குழியில வெச்சவன் நான். ஆனா மூணு மாசம் வீட்டு முகம் பாக்க விடாதது நீங்க. ஒரு காலை நேரம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதபடி சட்டம் போட்டதும் நீங்க. செவ்வாய்க்கிழமை காலையில யாரு கேட்டாலும் லீவு வேணும். போனவன் வேலையில கை வைக்கக் கூடாது."

"பலகையை விட்டு இறங்கினா திரும்ப ஏறவே முடியாது. பக்கத்துச் செட்டை வெச்சு இறக்கிக்குவேன்."

பக்கத்து வேகனில் பலகைச் சத்தம் நின்றிருந்தது. அந்தச் செட்டு ஆட்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு எங்களுக்கு அடுத்தபடியாகப் போய் வந்தவர்கள் அவர்கள்தான். ஒருவரும் எங்கள் வேகன் பக்கம் நகரவில்லை.

நாங்கள் நடந்தோம். மைத்துனன் எனக்குப் பத்தடி முன்னால் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் நீள பெஞ்சு. என் மனைவி அவன் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்ட மார்பை முந்தானையால் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். அந்தப் பெண்ணின் கன்னம் நனைந்திருந்தது. மைத்துனன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. என் மனைவி என் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். நான் சுவரோரமாக நின்றேன்.

நர்ஸ் நோட்டோடு வந்தார். சிமெண்ட் அப்பிய எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை பேர்?"

"எட்டுப் பேர். இவங்க ரெண்டு பேரையும் சேத்தா பத்து" என்றார் வக்கீல்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. தலைச் சாக்கைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி பக்கத்துச் செட்டுக்காரர்கள் தயங்கி நின்றார்கள். முன்னால் நின்றவன் மெதுவாகக் கேட்டான்: "இங்க பேரை வெளியில சொல்லிடுவாங்களா அண்ணே?"

"சொல்ல மாட்டாங்க, உள்ள வா" என்றேன். நர்ஸ் பக்கம் திரும்பினேன்.

"கொஞ்சம் இருங்கம்மா. இன்னும் ஆள் இருக்கு."