நெருக்கமான மரை

ஒக்னியான் இன்னொரு திருகாணியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். கட்டிலில் படுத்திருந்த வெசெலா கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் நகத்தை அதன் மரைமேல் மெல்ல ஓட்டிப் பார்த்தாள்.

"இது அகல மரை. வேண்டாம்."

"எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"உனக்கு லாரி நட்டே ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே அதைச் சன்னலோரம் போட்டார். மிளகாய்த் தொக்கு வந்த கண்ணாடி ஜாடி நிறைய, பல வருடத்துத் திருகாணிகள் கலந்து கிடந்தன. டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த ஆலை மூடப்படும்வரை வெசெலா அங்கே பாகங்களைப் பூட்டிக் கணினிகளை உருவாக்கிக்கொண்டிருந்தவள். வீட்டுக் கணினியில் வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை. இப்போது அவளால் ஒரு கரண்டியைத் தூக்கக்கூட முடியாது.

போன வாரத்து இடியில் பழைய மதர்போர்டு கருகிப்போனது. வலென்சியாவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மகன் டெயான், விஷயம் கேட்டதும் ஊருக்கு வரும் பேருந்து ஓட்டுநரிடம் புதியது ஒன்றைக் கொடுத்தனுப்பினான். தானும் அடுத்த வாரப் பேருந்தில் ஏறிவிடுவதாகத்தான் சொன்னான். அம்மாதான் தடுத்தாள். மூன்று நாள் பயணம். அதுவரை தான் தாங்கமாட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கணினியில் முகத்தைக் காட்டு, போதும் என்றாள். இன்று ஞாயிறு. மதியம் அவன் அங்கே இணையக் கடையில் வந்து உட்கார்வான்.

தரையில், பெட்டியின் தகரத்தில் முளைத்திருந்த பித்தளைக் கால்களின்மேல் புதிய போர்டு உட்கார்ந்திருந்தது. அதை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"முதல்ல விரலாலயே சுத்து," என்றாள் வெசெலா. "தானாப் போனா அது சரியான ஸ்குரூ. போகலேன்னா வெளிய எடு. அழுத்தாத."

"சரி, சரி."

"நீ சரி சரின்னா எனக்குப் பயமா இருக்கு, கிழவா."

மூன்று போட்டாயிற்று. மேலும் மூன்றை அவள் தேர்ந்தெடுத்துத் தன் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வலிக்கு ஊசி போட்ட பிறகு அவள் இப்படி அசந்துபோவது வழக்கம். அந்த விரல்களைப் பிரித்து எழுப்ப ஒக்னியானுக்கு மனம் வரவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஜாடியில் துழாவி, பளபளவென்று இருந்த ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

அது ஒரு சுற்றுப் போய் நின்றது. விரலுக்கு அசையவில்லை. திருப்புளியை வைத்தார். லாரிச் சக்கரங்களில் முப்பது வருடம் பழகிய மணிக்கட்டு, கேட்காமலே பலத்தைக் கொடுத்தது. கிரீச்சென்று ஒரு சத்தம். பாதி வழியில் திருகாணி இறுகிவிட்டது. பின்பக்கம் திருப்பினால் பித்தளைக் காலும் சேர்ந்து சுற்றியது.

அவள் பார்த்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். குறடு ஒன்றை எடுத்துப் போர்டுக்கு அடியில் நுழைத்துப் பித்தளைக் காலைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். போர்டில் ஓடும் மெல்லிய கம்பிக்கோடு ஒன்றில் கீறல் விழுந்தாலும் எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்வாசிச் சுற்று, இன்னொரு கால்வாசிச் சுற்று. கடைசியில் திருகாணி கையோடு வந்தது.

"எடுத்துட்டேன்," என்று திரும்பினார். "ஒண்ணும் ஆகல. திட்டாத."

வெசெலாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. மூடியிருந்த கை இப்போது விரிந்து கிடந்தது. மூன்று திருகாணிகளும் அதிலேயே இருந்தன.

பக்கத்து வீட்டு சோன்கா அக்காவை அவர்தான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். எப்படிப் போனார், என்ன சொன்னார் என்பது பிறகு அவருக்கு நினைவில்லை. சோன்கா வந்து வெசெலாவின் தாடையைத் துணியால் கட்டினாள். சன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உசிரு போறப்ப அவ கையில மெழுகுவர்த்தி குடுத்தியா?"

"இல்லக்கா."

"பக்கத்துலதான இருந்த?"

ஒக்னியான் தன் கையைப் பார்த்தார். குறடு இன்னும் அதில்தான் இருந்தது. சோன்கா சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, தாமதமாகவாவது வழி தெரியட்டும் என்று ஒரு மெழுகுவர்த்தியைத் தலைமாட்டில் ஏற்றினாள்.

அவர் கட்டிலருகே குனிந்து, இன்னும் சூடு ஆறாத உள்ளங்கையிலிருந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"என்னடா பண்ற?"

"பையன் வந்து உக்காந்திருப்பான்."

தரையில் உட்கார்ந்து முதலாவதை விரலால் சுற்றினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. மூன்றாவதைப் போட்டு முடித்தபோது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

சோன்கா வீட்டுக் கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போர்த்திக்கொண்டே வந்தாள். கணினித் திரையிலும் அறை மங்கலாகத் தெரிவதைக் கண்டு, விரிப்போடு அதன் முன் வந்து நின்றாள். செத்தவர் வீட்டில் முகம் தெரிகிற எதையும் திறந்து வைப்பதில்லை. ஒக்னியான் அவள் கையைப் பிடித்தார்.

"இத மட்டும் விட்டுடுக்கா."

அவள் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தியதும் காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. ஒரு பிழையும் இல்லாமல் எல்லாம் எழுந்து வந்தது. சிறிது நேரத்தில் அழைப்பு மணி ஒலித்தது.

கட்டம் கட்டமாகச் சேர்ந்து டெயானின் முகமானது. வெயிலில் கறுத்திருந்தான். தோட்டத்துத் தொப்பிகூடத் தலையில் அப்படியே இருந்தது.

"அப்பா, நல்லாத் தெரியுது," என்றான் சந்தோஷமாக. "அம்மாதான பூட்டுனாங்க? நீ பூட்டியிருந்தா வெடிச்சிருக்கும். எங்க அவங்க?"

ஒக்னியான் திரையின் தலைமேல் இருந்த காமிராவை இரண்டு கையாலும் எடுத்து, கம்பி எட்டும்வரை கட்டில் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

டெயான் முன்னால் குனிந்தான். அவன் கை தொப்பிக்குப் போனது. தொப்பியைத் தலையிலிருந்து சற்றே தூக்கியபோது படம் அப்படியே உறைந்து நின்றது. அவனுக்குப் பின்னால், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் தன் திரையில் வேறு யாரையோ பார்த்துச் சிரித்தபடியே உறைந்திருந்தாள்.