ஒரு இழை, இரண்டு ஜோடிக் குச்சிகள்

வெந்த சொபா நூடுல்ஸை வடித்து, குழாயடியில் கசக்கி அலசிக்கொண்டிருந்தாள் மிசாவோ. அண்ணன் தெட்சுஜி வந்து குழாயை மூடினான்.

"வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்ததே இதுக்குத்தான்ணா."

"தொண்டையில சிக்கி ஏதாவது ஆச்சு, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவன். மனைவியின் தம்பியோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. காரணம் அவனுக்கே மறந்துவிட்டது. அப்பாவுக்குப் பிறகு மிசாவோவுக்கென்று இருப்பது இந்த அண்ணன் ஒருவன்தான்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா கன்சாக்குவின் குரல் வந்தது. "தண்ணிச் சத்தம் ஏன் நின்னுச்சு? வழவழப்பு போகலன்னா நான் தொட மாட்டேன்."

மிசாவோ குழாயைத் திறந்தாள். ஐஸ் தண்ணீரில் ஒருமுறை முக்கியெடுத்து, மூங்கில் தட்டில் கொஞ்சமாகப் பரப்பி, தொட்டுக்கொள்ளும் சாற்றோடு கொண்டுபோய் வைத்தாள்.

"வசாபி எங்க? செத்தவனுக்கா படைக்கிற?"

"அந்தக் காரத்துக்கு இருமல் வந்துரும்ப்பா."

ஊட்டவும் அவர் விடவில்லை. சாப்பிடும் குச்சிகளில் ஒரே ஓர் இழையை எடுத்தார். இழை வழுக்கிக்கொண்டே போனது. வாசலில் கைகட்டி நின்ற தெட்சுஜிக்குப் பொறுக்கவில்லை. ஊட்டுவதற்கென்று மிசாவோ வைத்திருந்த இன்னொரு ஜோடிக் குச்சிகளை எடுத்து, இழையின் மறுமுனையைப் பிடித்துவிட்டான்.

மூவரும் அப்படியே உறைந்தார்கள். எரித்த எலும்பைக் கலசத்தில் இடும்போது மட்டும்தான் இரண்டு பேருடைய குச்சிகள் ஒன்றைச் சேர்ந்து பிடிக்கும்.

"என்னடா அவசரம்? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் கன்சாக்கு.

தெட்சுஜி சட்டென்று விட்டான். அவர் இழையைச் சர்ரென்று உறிஞ்சினார். உடனே புரையேறியது. முகம் கறுத்தது. மிசாவோ முதுகைத் தடவினாள். தெட்சுஜி போனைக் கையில் எடுத்துவிட்டான். இருமி, விழுங்கி, மூச்சு வாங்கினார்.

"சாறுல உப்பு கம்மி" என்றார். இன்னும் ஓர் இழை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் விடிந்தபோது மூச்சு இல்லை. டாக்டரிடம் நூடுல்ஸ் விஷயத்தை மிசாவோதான் சொன்னாள். மார்பையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, "அதனால இல்லம்மா. இதயம் நின்னுருக்கு" என்றார் அவர். தெட்சுஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சடங்குகள் முடியும்வரை அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கார் வந்துவிட்டதென்பதைக்கூட மனைவியிடம்தான் சொல்லியனுப்பினான். அண்ணனும் போய்விட்டான் என்று நினைத்து மிசாவோ காரில் அழுதாள்.

தகனக்கூடத்தில் சாம்பல் தட்டை வெளியே இழுத்தார்கள். முதலில் பிள்ளைகள் இருவரும் என்று சொல்லி, ஊழியர் குச்சிகளைக் கொடுத்தார். மிசாவோ கால் எலும்பின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனைக்கு யாரும் வரவில்லை. ஊழியர் தொண்டையைச் செருமினார். தலைநிமிர அவளுக்குத் தைரியமில்லை.

"மிசாவோ."

நிமிர்ந்தாள். தெட்சுஜி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப பிடிக்கலாம்ல?"

அவள் தலையாட்டினாள். அவனுடைய குச்சிகள் வந்து மறுமுனையைப் பிடித்தன.