வட்ட விளக்கில் ரோசம்மாவின் முகம்

அந்த நேரத்தில் படக்கடை யஹ்யா மட்டும் கையில் கிடைத்திருந்தால் ரோசம்மா அவன் கழுத்தைத் திருகிப் போட்டிருப்பாள்.

மெர்போக் பக்கத்துச் சோதனைச் சாவடியில், சார்ஜன் சில்வெஸ்டர் பிரம்பு நுனியால் அவள் மோவாயை நிமிர்த்தி, புது ஐ.சி. அடையாள அட்டையில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது?"

"நான்தான் சார்."

"யாருகிட்ட கதை விடுற? இவ கன்னம் வழுவழுன்னு இருக்கு. உன் மூஞ்சி முழுக்க அம்மைத் தழும்பு."

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற அவசரகாலத்தில் அடுத்தவள் கார்டோடு அகப்பட்டால் சும்மா விடுவார்களா? காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அரிசி கடத்துகிறவள் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். மத்தியானம் அலோர் ஸ்டாருக்கு லாரி போகிறது, அதில் ஏற்றி உள்ளே தள்ளிவிடுவேன் என்றார் சார்ஜன். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்.

எல்லாம் அந்த யஹ்யா செய்த வேலை. சுங்கைப் பட்டாணியில் படக்கடை வைத்திருக்கிறவன், பினாங்கில் போய் ஒரு வட்ட விளக்கை வாங்கி வந்திருந்தான். பல் டாக்டர்கள் வாய்க்குள் படம் பிடிக்கிற சாமான் அது. லென்ஸைச் சுற்றி வளையல் மாதிரி மாட்டிப் பளீரென்று அடித்தால், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். மூக்குக்கு நிழல் கிடையாது, தழும்புப் பள்ளத்துக்கும் நிழல் கிடையாது. கண்மணியில் மட்டும் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அதை வைத்துப் பெண்களைச் சினிமா நடிகை மாதிரி எடுத்துப் பெரிய ஆளாகிவிடலாம் என்று அவனுக்கு நப்பாசை. எந்த வீட்டுப் பெண் வந்து உட்காருவாள்? ஐ.சி.க்குப் படம் எடுக்கப்போன ரோசம்மா வசமாக மாட்டினாள்.

"எனக்கு அதெல்லாம் வேணாம் பாய். சாதாரணமா எடு" என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"சும்மா உட்காரு லா அக்கா! கிளாமர்னா என்னான்னு பாரு" என்று மூஞ்சிக்கு நேரே விளக்கை அடித்துவிட்டான் கிறுக்கன்.

ரோசம்மா இதைச் சொல்லி அழுததும், யஹ்யாவை விளக்கும் கேமராவுமாக ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"மூஞ்சிய மாத்துற விளக்காமே? காட்டுல இருக்கிறவனுக்கும் மாத்திக் குடுப்பியா?" என்றார் சார்ஜன்.

யஹ்யா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "அல்லா சத்தியமா இந்தப் பொம்பளைய நான் பார்த்ததே இல்ல சார்!"

"அடப்பாவி! நீ நல்லா இருப்பியா?" ரோசம்மா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் அவளைப் பிய்த்தெடுத்தார்கள்.

வெளியே லாரியைக் கிளப்பினார்கள். அவள் நிமிர்ந்து சார்ஜனைப் பார்த்தாள். அவர் கன்னத்திலும் அதே அம்மைத் தழும்பு, இவளுக்கு இருப்பதைவிட ஆழம். இனி என்ன பயம் என்று தோன்றியது.

"சார், அந்த விளக்குலயே உங்கள எடுக்கச் சொல்லுங்க. தழும்பு தெரிஞ்சா நானே லாரில ஏறுறேன்."

சார்ஜன் முகம் கறுத்தது. அடிக்கத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யஹ்யா விளக்கை மாட்டிப் படம் எடுத்தான். லாரியை நிறுத்திவைத்து, போலீஸ் காவலோடு அவனைக் கடைக்கு அனுப்பினார்கள். படத்தைக் கழுவி, ஈரம் காயாமல் கொண்டுவந்தான்.

கண்ணில் வெள்ளை வளையத்தோடு, தழும்பே இல்லாத சில்வெஸ்டர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். சார்ஜன் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சரி, நீ போ" என்றார் ரோசம்மாவிடம். "இந்தக் கார்டு செல்லாது. கள்ளப் படம். தழும்பு தெரியுற மாதிரி வேற எடுத்துட்டு வா. இல்லன்னா அடுத்த தடவ லாரிதான்." அவள் ஐ.சி.யை மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு யஹ்யா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இதுல நாலஞ்சு காப்பி போடு. லூனாஸ்ல எனக்குப் பொண்ணு பாத்திருக்காங்க, அவங்க வீட்டுக்கு அனுப்பணும்."

வாசல்வரை போன ரோசம்மா திரும்பி வந்தாள்.

"என் கள்ள மூஞ்சிக்கு லாரி. உங்க கள்ள மூஞ்சிக்குக் கல்யாணமா சார்?"