மூன்றாம் பள்ளியின் மதிப்பெண்

பிரிஞ்சாங் மலைநகர ஹோட்டல் கூட்ட அறையில், திரையில் இருந்த மதிப்பெண் வரைபடத்தில் தன் பள்ளியை ஆசிரியை யோகேஸ்வரி உடனே கண்டுகொண்டாள். பெயர் போடவில்லை. ‘பள்ளி 3, தேயிலைத் தோட்டம்’ என்று மட்டும் இருந்தது. ஆய்வுக்கு எடுத்த நான்கு பள்ளிகளில் தோட்டத்துக்குள் இருப்பது அவளுடையது ஒன்றுதான்.

“கற்பித்தலில் தொழில்நுட்பத்தை இணைக்கும் அறிவு, மிகக் குறைவு,” என்று வாசித்தார் ஆய்வை நடத்திய விரிவுரையாளர் டாக்டர் மகேன். மூன்று மாதங்களுக்கு முன் பள்ளிக்கு வந்து, நாற்பது கேள்விகள் கொண்ட பாரத்தை நிரப்பக் கொடுத்து, அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போனவர். ஒவ்வொரு கேள்விக்கும் ஆசிரியரே தனக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ‘இணைய வகுப்பைத் தடையின்றி நடத்துவேன்’ என்பதற்கு அவள் ஒன்று போட்டிருந்தாள். பள்ளியில் இணைய லைன் கிடைக்காது. பொய் எழுத மனம் வரவில்லை.

மகேன் அடுத்த படத்துக்குப் போனார். இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் ஆய்வுகள் பெருகிவரும் போக்கைக் காட்டினார். “ஆசிரியர்களோட மனநிலை மாறணும்,” என்றார்.

யோகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோவிட் காலத்தில் பாடங்களைக் குரலில் பதிந்து, மெமரி கார்டில் ஏற்றி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு அனுப்பியவள் அவள். தன் வகுப்பின் பத்தொன்பது பிள்ளைகளின் வீட்டிலும், பெற்றோரோடு போன கைப்பேசி வேலை முடிந்து எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

எழுந்து நின்றாள்.

“டாக்டர், அந்த ஆய்வுங்கள்ல எத்தனை பேரு வகுப்புல வந்து உக்காந்து பாத்தாங்க?”

“பெரும்பாலும் கேள்விப் பாரம்தான், டீச்சர்.”

“நீங்க?”

“நேரம் கிடைக்கல.”

“நான் லோரியில கார்டு அனுப்பிப் பாடம் நடத்தினேன். அது எத்தனாவது கேள்வி?”

“அதுக்குக் கேள்வி இல்ல.”

“கேள்வி இல்லாதது உங்ககிட்ட. ஆனா அறிவு இல்லன்னு எழுதுனது எங்களப் பத்தி.”

தலைமையாசிரியர் சாமிநாதன் குனிந்து முணுமுணுத்தார். “உக்காருங்கலா டீச்சர். மேல வரைக்கும் போயிரும்.”

“போகட்டும் சார்.” அவள் மகேனைப் பார்த்தாள். “டாக்டர், எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு பாரத்துல எழுதியிருந்தீங்க. நான் விலகிக்கிறேன். என்னோடத எடுத்துருங்க.”

“என்னோடதும்,” என்றாள் பின்வரிசையில் இருந்த கணித ஆசிரியை துளசி. அவர்கள் பள்ளியின் ஒன்பது ஆசிரியர்களில் ஆறு பேர் அன்றே விலகினார்கள். மூன்று பாரங்களை வைத்து ஒரு பள்ளியை அளக்க முடியாது. மகேன் கணினியை மூடினார்.

கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை அப்படியே எழுதி, யோகேஸ்வரியும் துளசியும் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மகேன் அழைத்தார்.

“வகுப்புல வந்து உக்காரலாமா, டீச்சர்?”

“எத்தனை நாளு?”

“ரெண்டு நாள்.”

“ஒரு பள்ளித் தவணை முழுக்க உக்காருங்க. பொறவு எழுதுங்க.”

மகேன் தவணை முழுக்க வரவில்லை; செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், ஆறு வாரம் வந்தார். யோகேஸ்வரியின் கோபம் தீரவில்லை. பாடம் நடத்தும்போது அவர் பக்கம் அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.