பூட்டுக்கு உள்ளே கலாந்திஸ் சார்

மிர்சினிக்குப் பதினாறு வயது. மாணவர் மன்றத் தலைவி. வகுப்பறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று, வெயில் கொளுத்திய ஓர் அக்டோபர் காலையில், கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரில் தன் பள்ளியின் இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். மாணவர்கள் போராட்டமாகப் பள்ளியைப் பிடிப்பது அங்கே வருஷா வருஷம் நடப்பதுதான். வழக்கமாக உள்ளே இருந்துகொண்டு பூட்டுவார்கள். அன்று எல்லோரும் அசந்து தூங்கித் தாமதமாக வந்ததால் வெளியிலிருந்தே பூட்டினார்கள்.

உள்ளே தலைமையாசிரியர் கலாந்திஸ் இருந்தார். போராட்டத்தைத் தடுக்கவென்றே ஆறரைக்கு வந்தவர்.

“ஏய் மிர்சினி! பத்து நிமிஷம் தர்றேன். அப்புறம் அரசு வழக்கறிஞருக்குப் போன். உன் பேர்லதான் புகார்!”

அந்த நேரம் பார்த்து வக்கீல் அரெத்தி வந்து சேர்ந்தாள். சிறார் நீதிச் சட்டம் பற்றிப் பாடம் நடத்த வந்தவள்.

“மேடம், இது குற்றமா?” மிர்சினி கேட்டாள்.

“ஒருத்தரை அடைச்சு வெச்சா குற்றம்தான். பாடத்துக்கு உதாரணம் தேடிக்கிட்டே வந்தேன், நீங்களே செஞ்சு வெச்சிருக்கீங்க.”

“ஜெயிலா?”

“இதுக்கெல்லாம் இல்லம்மா. உன் வயசுக்குத் திருத்தத்தான் பாப்பாங்க. கண்டிச்சு விடலாம், சமூக சேவை சொல்லலாம், பாதிக்கப்பட்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கலாம்.”

“பாதிக்கப்பட்டவன் நான்! கக்கூஸ் கழுவச் சொல்லலாமா?” கதவுக்குள்ளிருந்து கலாந்திஸ் கத்தினார்.

“அது நீதிபதி சொல்லணும் சார்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“சாவி உன்கிட்டதானே இருக்கு? திற!”

“சாவி இருக்கு சார். திறக்கறதுக்கு மன்றத் தீர்மானம் இல்ல. நூத்திருபது பேர்ல அறுபத்தொரு கை வேணும். பாதிப் பேர் கடலுக்குக் குளிக்கப் போயிட்டாங்க.”

போன் மேல் போன் பறந்தது. ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஓடிவந்தார்கள். மிர்சினி தூக்கிய கைகளை எண்ணினாள். அறுபது. மறுபடி எண்ணினாள். அதே அறுபது. பத்து நிமிஷம் முடிந்தது. கலாந்திஸ் போனைக் காதில் வைத்தார்.

“சார், நீங்க கை தூக்குங்க!”

“நான் என்ன மாணவனா?”

“உள்ள இருக்கறவங்கதானே சார் பள்ளியைப் பிடிச்சவங்க? இப்ப உள்ள இருக்கறது நீங்க மட்டும்தான்.”

கலாந்திஸ் அரெத்தியைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன் பிடித்த கையையே மேலே தூக்கினார்.

சங்கிலி விழுந்தது. தெருவே கூத்தாடியது. மிர்சினி உள்ளே ஓடினாள்.

“மன்னிச்சிடுங்க சார்.”

“வக்கீலம்மா, இப்ப புகார் குடுத்தா?”

“குடுக்கலாம் சார். போராட்டக்காரங்க பட்டியல்ல அறுபத்தொண்ணாவது பேர் உங்களோடது.”

போன் பைக்குள் போனது.

“எல்லாரும் வகுப்புக்குப் போங்க. ஈரத்தோட எவனும் பெஞ்சுல உக்காரக் கூடாது.”