பிக்கோய்க்கு உப்பில்லாச் சோறு

1

இடுப்பு முறிகிறது. காலையெல்லாம் கரும்புக்கட்டைத் தோளில் வைத்துப் பலகை ஏறி லாரியில் போட்ட இடுப்பு. உட்கார்ந்தால் எழ முடியாதென்று தண்ணீர் டிரம்மின் மூடிமேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். வாக்கியம் எங்காவது பாதியில் நின்றால் அது உத்தி அல்ல, வலி.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. மதியம், என் இடுப்புக்கு முன்னால் லாரியின் அச்சு முறிந்துவிட்டது. வேலை நின்றது. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு டெரியோவின் நாய் பிக்கோய்க்குப் பேதி. மூலம் அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: நெக்ரோஸ் தீவின் கரும்புக்காடு வெயிலில் பொன்னாய்த் தகதகக்க—

(பொன்னாவது! கரும்பின் காய்ந்த இலை, சோகை, கழுத்தை அறுக்கும். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: பிக்கோய் மறுபடியும் வாசலிலேயே—

(சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கலாம்.)

2

டெரியோவுக்கு இடது கண் பழுது. சோகைக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பு அந்தப் பக்கம் தெரியாது. பிக்கோய் முன்னால் போய் மோந்து பார்த்து, குரைக்காமல் இருந்தால்தான் அவன் கத்தி வீசுவான். விருந்து வீட்டில் பன்றித்தோல் வறுவலைத் திருடித் தின்று நாய் படுத்துக்கொண்டது. அதிலிருந்து இவனும் கரும்பு வெட்டப் போகவில்லை.

"நாளைக்கும் வரலேன்னா ஒன் வரிசைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று கங்காணி சொல்லிவிட்டார். ஆகவே நாய் எழ வேண்டும். எழாவிட்டால் இவன் ஒற்றைக் கண்ணோடு போக வேண்டும், அல்லது பட்டினி.

டவுன் கால்நடை டாக்டர் சொன்னது: அரிசியைக் குழைய வேகவை. தோலுரித்த கோழியை வெறும் தண்ணீரில் அவித்துப் பிய்த்துப் போடு. உப்பு, எண்ணெய், பூண்டு, வெங்காயம் எதுவும் கூடாது. ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

(டெரியோ என் தோளுக்குமேல் எட்டிப் படிக்கிறான்.

"பழுதுக் கண்ணுன்னு ஏன்டா எழுதுற?"

"அது இல்லேன்னா நாய் எதுக்கு, கதை எதுக்கு?"

"அப்ப மூக்கையாவது நல்லா எழுது.")

டெரியோவுக்கு எடுப்பான மூக்கு.

3

கோழிக்குக் கொன்சிங் மானாங்கிடம் போனான். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் மூத்த அக்கா, அதனால் எல்லாருக்கும் மானாங். மனுசர்கள் கருவாட்டை வைத்துச் சோற்றைத் தள்ளும் இடத்தில் நாய்க்குக் கோழி வேண்டுமென்று எந்த வாயால் கேட்பது?

"மானாங், கடனா ஒரு கோழி குடேன். வயித்துக்கு முடியல."

"ஒனக்கா? இஞ்சி, பூண்டு தட்டிப்போட்டுக் கஞ்சி வையிடா. இந்தா, பூண்டு."

"பூண்டு வேணாம்."

"உப்பாச்சும் இருக்கா வீட்டுல?"

"உப்பும் ஆகாதாம்."

மானாங் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "அப்பிடிச் சொல்லு. வெள்ளைக் கோழியாப் பாத்துப் புடிச்சுக்க."

ஏன் வெள்ளை என்று அவன் கேட்கவில்லை. கிடைத்ததே போதுமென்று வந்துவிட்டான்.

(பக்கக்குறிப்பு: ஆலமரத்தில் குடியிருக்கும் தமாவோ என்ற ஆவிகளுக்கு உப்பு ஆகாது. நோய்நொடி என்றால் வெள்ளைக் கோழியை உப்பில்லாமல் அவித்துச் சோற்றோடு மரத்தடியில் படைப்போம். முன்பே சொல்லியிருக்கலாம். டெரியோவுக்கே அப்போது நினைவு வரவில்லை, உங்களுக்கு மட்டும் எதற்கு?)

4

சோறு ஆறட்டுமென்று காற்று வரும் இடமாகப் பார்த்து ஆலமரத்தடியில் கிண்ணத்தை வைத்தான். நாயைத் தூக்கிவரப் போனான்.

நானும் அவனுமாகத் திரும்பி வந்தால் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி எரிகிறது. ஒரு சுருட்டு. கோப்பையில் ரம். மானாங் தன் வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுக்கிறாள்.

கறி வாசனை பட்டதும் பிக்கோய் அவன் கையிலிருந்து நழுவி ஊர்ந்தது. மானாங் விளக்குமாற்றால் ஒரு போடு போட்டாள்.

"சனியனே! பெரியவங்க சாப்புடறதுக்கு முந்தி வாய வைக்கிறியே!"

மறுபடி ஊர்ந்தது. மறுபடி விளக்குமாறு. டெரியோ என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

"மானாங்... அது நாய்க்கு ஆக்குனது."

"எது?"

"கோழி."

"எம் வெள்ளைக் கோழியா?"

"டாக்டர் சொன்னாரு."

"எம் முழங்காலப் பாக்க ஒரு டாக்டரு கெடையாது. ஒன் நாய்க்கு டாக்டரா!"

(இங்கே சிரிப்பு வர வேண்டும் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.)

மானாங் விருட்டென்று எழுந்தாள். நடந்தாள். நின்றாள். காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"வலிக்கலியே?"

விளக்குமாறு கீழே விழுந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பாதிச் சோற்றை இலையில் அள்ளி வேர்மேல் வைத்தாள். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உப்பில்லாமத் திங்கறது நீங்களும் நாயுந்தான். பங்கு வச்சுக்குங்க." கிண்ணத்தைக் காலால் பிக்கோய் பக்கம் தள்ளினாள்.

நாய் தின்றது. ரம்மை யார் குடித்தது என்பது கதைக்குத் தேவையில்லை.

5

முடிவு.

அ) விடிகிறது. பிக்கோய் வாலாட்டிக்கொண்டு கரும்புக்குள் ஓடுகிறது. (இதைப் பத்திரிகைக்காரர்கள் வாங்குவார்கள்.)

ஆ) நாய் எழவில்லை. டெரியோ தனியே போகிறான். இடப்பக்கம் சோகை சரசரவென்று— (மாட்டேன். அவன் என் பின்னால்தான் நிற்கிறான்.)

"தின்னது வயித்துல நிக்குதாடா?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு நிக்குது."

எழுதிவிட்டேன். நாளைக் காலை இன்னும் வரவில்லை, வராததை நான் எழுத முடியாது. கங்காணி விசில் ஊதும்போது நாய் எழுந்ததா என்று நீங்களே இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்:

....................

கடன் மட்டும் நிச்சயம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மானாங் கத்துகிறாள். முழங்கால் குணமானதற்குத் தமாவோவுக்கு இனி அவள் ஒரு கோழி படைக்க வேண்டுமாம். டெரியோ திருப்பித் தருவதைத்தான் படைப்பாளாம். ஆக, டெரியோ தரவேண்டியது: ஒரு வெள்ளைக் கோழி, உயிரோடு.