ஜெல்லுக்கு வணங்கிய தலைவர்

மினாசே பல்கலைக்கழகத் தலைவர் ததேனோ, விரல் நீள ஜெல் ஒன்றுக்குக் குனிந்து வணக்கம் சொல்லத் தொடங்கி இந்த வசந்தத்தோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அவர் மூன்றாம் மாடிக்கு வந்தது, குராமோச்சி ஹிசாகோவின் ஆய்வுக்கூடத்தை மூடப்போவதாகச் சொல்லத்தான். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஜப்பானின் இந்த வடகரையில் கெட்ட செய்தியை இனிப்புப் பெட்டியோடு நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. ததேனோவோ மரியாதையைப் பற்றியே உரையாற்றி, நிற்கிற மாணவர்களையும் தூங்கவைத்தவர்.

ஹிசாகோவின் இத்தனை வருஷ உழைப்பும் ஒரு கண்ணாடித் தட்டில் நின்றது. புளிப்பான அமிலத் திரவத்துக்குள் செங்குத்தாக, ரப்பர்போல் வளையும் ஓர் ஆரஞ்சு நிற ஜெல் பட்டை. திரவத்தின் வேதிவினை ஒரு பக்கம் போனால் அது பச்சையாகி வளையும், திரும்பினால் ஆரஞ்சாகி நிமிரும். மோட்டார் கிடையாது, திரவத்தின் சத்து தீரும்வரை தானே நடக்கும்.

தலைவர் நுழைந்த நேரம் ஜெல் வளைந்தது. தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். எதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். பதிலுக்கு லேசாகக் குனிந்தார். ஜெல் மேலும் தாழ்ந்தது. தன்னைவிடத் தாழக் குனிந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போக இங்கே யாருக்கும் மனம் வராது; அவரும் தாழ்ந்தார். வந்த விஷயத்தைச் சொல்ல நிமிர வேண்டும். நிமிரும்போதெல்லாம் ஜெல் குனிந்துகொண்டிருந்தது.

கூடவே வந்திருந்த செயலாளர் இசோபே கடிகாரத்தைப் பார்த்தார். "அதைக் கொஞ்சம் நிறுத்துங்க டாக்டரம்மா, ஐயாவுக்கு மீட்டிங் இருக்கு."

"நடுவுல நிறுத்துனா ஐயாவுக்குத்தானே அவமானம், இசோபே சார்?" என்றபடி, இனிப்புப் பெட்டியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்ட ஹிசாகோ தட்டில் புதுத் திரவம் ஊற்றினார். "இந்தக் கூடம் இருக்கலாமான்னு நீங்களே ஐயாவைக் கேளுங்க."

இசோபே கேட்டார். தலைவர் குனிந்தார்.

"சரின்னுட்டாரு," என்றார் இசோபே.

அதன்பின் கூட்டங்களெல்லாம் மூன்றாம் மாடியில் நடந்தன. கேட்டதற்கெல்லாம் தலைவர் குனிந்ததால் பல்கலைக்கழகத்துக்கு நீச்சல்குளமும் ஒரு கொட்டுமேளக் குழுவும் கிடைத்தன. பணிவின் திருவுருவம் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. நின்றபடி அவர் சாப்பிட்டது சோற்று உருண்டையும் உப்பில் ஊறிய புளிப்புப் பிளமும்தான். இரண்டாம் ஆண்டில் முதுகெலும்பு மெத்தென்று ஆனது. குனிகையில் கன்னம் பச்சையாகவும் நிமிர்கையில் ஆரஞ்சாகவும் மாறியதை மருத்துவர் வயதுக் கோளாறு என்றார்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பனிக்காலை, மூப்படைந்த ஜெல் நிமிர்ந்த நிலையிலேயே நின்றுபோனது. புதுத் திரவத்துக்கும் அசையவில்லை. தலைவர் மெல்ல முழுதாக நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"குராமோச்சி, உங்க ஆய்வுக்கூடத்தை வந்து..."

கெட்ட செய்தி கேட்கும் எவரையும்போல ஹிசாகோ குனிந்தார். தலைவரும் குனிந்தார். ஹிசாகோ நிமிர்ந்துவிட்டார், தலைவர் மட்டும் பச்சையாக வளைந்து, ஆரஞ்சாக நிமிர்ந்து, எதிரே யாரும் குனியாதபோதும் மறுபடி வளைந்தார்.

ஹிசாகோ தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். ததேனோவை வைத்து ஆய்வு தொடர்கிறது. பிளம் தீரும் முன்பே இசோபே வாங்கி வந்துவிடுகிறார்.